செல்லரிக்கும் பக்கங்களை யார் காப்பது?

புதுக்கோட்டை என்றதும் தமிழ் ஆய்வாளர்களுக்கு நினைவுக்கு வருவது திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா நூலகம். ஆசிரியப் பணியில் இருந்த பா.கிருஷ்ணமூர்த்தி - டோரதி இணையர் சொந்த முயற்சியில் லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைச் சேர்த்தார்கள். அரிய முதல் பதிப்புகள் பல அதனால் பிழைத்தன.

தலித் ஏடுகள் பலவற்றுக்கு அப்படியொரு வீடு வாய்க்கவில்லை. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய 'பறையன்' இதழ் இன்று முழுமையாகக் கிடைப்பதில்லை. 1907-இல் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டின் எழுத்துகளில் சிலவற்றைக் கோலார் தங்கவயல் பௌத்தர்கள் அச்சிட்டுக் காத்தார்கள். ஞான.அலாய்சியஸ் தொகுத்த பெருந்தொகுதிகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது 1999-இல்தான். 1914-இல் அயோத்திதாசர் மறைந்து 85 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அலாய்சியஸ் போன்ற ஒருவர் வரும்வரை இனியும் காத்திருக்க வேண்டியதில்லை. பலர் கூடிச் செய்வதற்கு இணையத்தில் 'விக்கிமூலம்' இருக்கிறது. விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பு அது. திரையில் ஒருபுறம் பழைய நூலின் பக்கப் படம். மறுபுறம் அதைக் கணினி படித்துத் தந்த எழுத்து. கணினி விட்ட பிழைகளை ஒருவர் திருத்தி முடித்தால் அந்தப் பக்கம் மஞ்சள் நிறம் பெறும். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். கட்டணம் இல்லை. திருத்துகிறவர் எந்தத் தெரு என்ற கேள்வியும் இல்லை. நூலாசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்தால், இந்தியச் சட்டப்படி அந்த நூலின் பதிப்புரிமையும் முடிந்துவிடுகிறது.

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைப் பார்த்த ஈழத் தமிழர்கள், 2005 முதல் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் தன்னார்வலர்களைக் கொண்டு தங்கள் ஏடுகளைச் சேர்த்து வருகிறார்கள். இழந்தவர்களுக்குத்தான் ஏட்டின் அருமை தெரியும்.

நம் ஊர்ப்புற நூலகங்களிலும் இது முடியும். ஒரு கணினி, இணைய இணைப்பு, சனிக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம் போதும். பத்து மாணவர்கள் ஆளுக்கு மூன்று பக்கம் திருத்தினால் மாதத்தில் 120 பக்கம். ஒரு சிறு நூல். கூடவே, எந்த நூலகத்தில் எந்தத் தலித் நூல் இருக்கிறது என்று நூலகர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு பொதுப் பட்டியல் தொடங்கலாம். கறம்பக்குடியில் இருக்கும் நூலைத் தேடி அறந்தாங்கி மாணவி சென்னைக்குப் போக வேண்டியிராது.

ஊர்த் தெருவில் இருக்கும் நூலகத்தின் வாசலில் சேரிப் பிள்ளை தயங்கி நிற்பது இன்னும் முழுதாக மாறவில்லை. வாசிக்க மட்டுமல்ல, நூலைக் காக்கவும் அந்தப் பிள்ளையை உள்ளே அழைக்க வேண்டும். 1991-இல் அறிவொளி இயக்கத்தில் கல்குவாரிப் பெண்கள் எழுத்தும் சைக்கிளும் கற்ற மாவட்டம் இது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். வரும் சனிக்கிழமை உங்கள் ஊர் நூலகரிடம் போய்க் கேளுங்கள்: கணினி எங்கே, எந்த நூலில் தொடங்கலாம் என்று.