அரை மூடிக் கணக்கு

போன வாரம், நாயின் மேல் தெரியும் உண்ணியைவிடச் சுவர் விரிசலில் ஒளிந்திருக்கும் உண்ணியே அதிகம் என்று பார்த்தோம். இந்த வாரம் என் மடத்தனத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் வீட்டுத் தொழுவத்தில் மாட்டு உண்ணிக்கான மருந்துக் குப்பி எப்போதும் இருக்கும். டெல்டாமெத்ரின். வாளித் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றிக் கலக்கி, துணியில் நனைத்துப் பசுவின் மேல் தேய்ப்பார் அப்பா. ஆடிச் சாரலில் ஒரு நாள் பார்த்தால், எங்கள் சடைநாயின் காதுக்குள் நல்லமிளகு கொட்டிவைத்ததுபோல் உண்ணி.

“மாட்டுக்கு ஒரு மூடின்னா இதுக்கு அரை மூடி போதும்லா?” என்று கணக்குச் சொன்னவன் நான்தான். சின்ன நாய்க்கு வாளி எதற்கு என்று செம்பில் கலந்ததும் நான்தான்.

மருந்தைப் பாதியாக்கினேன், தண்ணீரை 15 லிட்டரிலிருந்து ஒரு லிட்டராக்கினேன். கலவை ஏழரை மடங்கு கெட்டியானது. சனியை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் நாய் முதுகைச் சுவரில் உரசியது, விடாமல் நக்கியது. பிறகு வாயில் நுரை, காது துடிப்பு, பின்னங்கால் நடுக்கம். “நாவூறு தட்டியிருக்கும்” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அம்மா தேங்காய் எண்ணெயோடு வந்தார். நம் ஊரில் தேங்காய் எண்ணெய் தீர்க்காத நோய் உண்டா? இந்த வகை மருந்தோ எண்ணெயில் கரைவது. எண்ணெய் தடவினால் அது போகாது, இன்னும் பரவும். நல்ல வேளை, அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, “எத்தனை கிலோ?” வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் நுரைக்கவிட்டு இரண்டு முறை குளிப்பாட்டினார்கள். வெந்நீர் ஊற்றினால் தோலில் ரத்த ஓட்டம் கூடி மருந்து வேகமாக உள்ளே போகும். குளிரவிட்டால் நடுக்கம் கூடும். துவட்டிப் போர்த்தி, நடுக்கத்துக்கு ஊசி போட்டார்கள். மறுநாள் சாயங்காலம் அது சாளைத் தலையைத் தேடி அடுக்களைக்கு வந்துவிட்டது.

தோவாளைச் சந்தையில் குவியும் செவ்வந்திக்கு ஒரு தூரத்து உறவு உண்டு, பைரெத்ரம். அந்தப் பூவில் இருக்கும் பூச்சிக்கொல்லியைப் பார்த்து ஆய்வகத்தில் செய்தவைதான் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் எல்லாம். நரம்பில் சோடியம் நுழையும் வாசல் திறந்த கணமே மூட வேண்டும். இவை மூடவிடுவதில்லை, நரம்பு ஓயாமல் துடிக்கும். உண்ணி அதில் சாகும். நாயின் ஈரல் மருந்தைச் சிதைத்துத் தள்ளிவிடும், அளவு மீறாதவரை. பூனையின் ஈரலுக்கு அந்தத் திறமை போதாது. நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு பூனைக்கு எமன்.

சின்ன நாய்க்கு இன்னொரு வம்பும் உண்டு. 30 கிலோ ராஜபாளையத்தையும் 3 கிலோ சடைநாயையும் பக்கத்தில் நிறுத்துங்கள். எடை பத்தில் ஒன்று. தோலின் பரப்போ கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சின்னதற்குத்தான் தோல் அதிகம். உடம்பு முழுக்கத் தேய்க்கும் மருந்தில் அதற்கே பங்கும் அதிகம்.

குப்பியை விட்டுக் கடையில் சொட்டு மருந்து வாங்கினால் கணக்குத் தீர்ந்ததா? (போலியோ சொட்டு என்று நினைத்து வாயில் விட்டுவிடாதீர்கள், பிடரியில், நக்க எட்டாத இடத்தில் விடுவது.) அமெரிக்காவில் 2008-ல் மட்டும் உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்துகளால் பிராணிகளுக்கு ஏற்பட்ட தொல்லை பற்றி 44 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. பெரும்பாலானவை அரிப்பு, சிவப்பு போன்றவை. வலிப்பும் சாவும்கூட இருந்தன. புகார் என்பது நிரூபணம் அல்ல. ஆனாலும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஓராண்டு அலசி, 2010 மார்ச்சில் முடிவு சொன்னது: அதிகம் அடிபட்டவை சிறிய இன நாய்கள், குறிப்பாக 10 முதல் 20 பவுண்டு வரை எடையுள்ளவை. ஒரே சொட்டு மருந்துக் குழலுக்குப் போட்டிருந்த எடை வரம்பு அகலமாக இருந்ததும் ஒரு காரணம்.

எவ்வளவு அகலம்? ஃபிப்ரோனில் சொட்டில் 10 கிலோ வரையிலான நாய்க்கு வரும் குழலில் 67 மில்லிகிராம் மருந்து. 10 கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு 6.7. அதே குழலை 2 கிலோ நாய்க்கு விட்டால் 33.5. ஐந்து மடங்கு! ஃபிப்ரோனில் ஓரளவு தாங்கக்கூடியது என்பதால் நாய் பெரும்பாலும் தப்பிக்கிறது. சிக்கனம் கருதிப் பெரிய நாய்க்கான குழலை வாங்கிக் கண்ணளவில் பங்குபோடும் வீடுகளுக்கு அந்தத் தாங்குதலும் மிஞ்சாது.

இதற்காக மருந்தே வேண்டாம் என்று உட்கார முடியாது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் நனைக்கும் மாவட்டம் இது. உண்ணிக்கு ஓய்வுக்காலம் இல்லை. எர்லிக்கியா, பெபீசியா இரண்டையும் அது சுமந்து வரும். ரத்தம் வற்றிப் படுத்த நாய்களை மாட்டாஸ்பத்திரி வாசலில் நானே பார்த்திருக்கிறேன். சொட்டுக்குப் பதில் கொடுக்கும் மெல்லும் மாத்திரைகளுக்கும் இந்த ஆபத்திலிருந்து விலக்கு இல்லை. அவற்றில் ஒரு வகை சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் தரலாம் என்று 2018 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த தடவை மருந்துக்குப் போகும் வழியில் வாழைக்குலைக் கடையில் நின்றேன். எடை பார்த்துத் தரச் சொன்னதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தராசிலிருந்து மட்டிக் குலையை இறக்கிவிட்டு, சாக்கு விரித்து நாயை ஏற்றினார். 3 கிலோ 400.

“இதுல பாதி சடைதான் அண்ணாச்சி” என்றார்.