இந்தியன் பிரீமியர் லீக் வீரர் ஏலம்

இந்தியன் பிரீமியர் லீக் வீரர் ஏலம் என்பது இந்தியன் பிரீமியர் லீக் (ஐ.பி.எல்) இருபது20 துடுப்பாட்டத் தொடரில் ஆடும் அணிகள் தமக்கு வேண்டிய வீரர்களைப் பொது ஏலத்தின் மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ளும் முறையாகும். இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் இதனை நடத்துகிறது. அணிகள் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உள்ளது. ஆகையால் ஒரு வீரருக்குக் கிடைக்கும் விலை அவரது திறமையை மட்டும் காட்டுவதில்லை. அவருடைய பெயர் அழைக்கப்படும் வேளையில் எத்தனை அணிகளுக்கு அவர் தேவைப்படுகிறார், அவ்வணிகளிடம் எவ்வளவு பணம் எஞ்சியுள்ளது என்பவற்றையும் காட்டுகிறது.

தோற்றம்

2008 சனவரியில் எட்டு அணிகளின் உரிமைகள் ஏலம் விடப்பட்டன. சென்னை அணியின் உரிமையை இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 9.1 கோடி அமெரிக்க டாலருக்குப் பெற்றது. முதல் வீரர் ஏலம் 2008 பெப்ரவரி 20 அன்று மும்பையில் நடைபெற்றது. அப்போது ஒவ்வோர் அணிக்குமான உச்சவரம்பு 50 லட்சம் டாலர் ஆகும்.

சச்சின் டெண்டுல்கர், சௌரவ் கங்குலி, ராகுல் திராவிட், யுவராஜ் சிங், வீரேந்தர் சேவாக் ஆகிய ஐவரும் ஏலத்திற்கு விடப்படாமல், 'ஐகான்' வீரர்களாகத் தத்தம் நகர அணிகளுக்கு ஒதுக்கப்பட்டனர். அணியில் மிகுந்த விலைக்கு வாங்கப்படும் வீரரை விட 15 விழுக்காடு கூடுதல் ஊதியம் இவர்களுக்கு வழங்கப்பட வேண்டும் என்பது விதி. சென்னை அணிக்கு ஐகான் வீரர் எவரும் இல்லை. மகேந்திர சிங் தோனியை 15 லட்சம் டாலருக்கு மும்பை வாங்கியிருந்தால், டெண்டுல்கருக்கு 17.25 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்திருக்கும். இருவருக்கு மட்டும் 32.25 லட்சம் டாலர் செலவாகியிருக்கும். இத்தகைய சுமை இல்லாத சென்னை அணி அவ்விலைக்குத் தோனியைப் பெற்றது. அந்த ஏலத்தின் உச்ச விலையும் அதுவே.

ஏல முறை

ஏலத்தில் கலந்துகொள்ள விரும்பும் வீரர் தமக்கான அடிப்படை விலையைக் குறிப்பிட்டுப் பதிவு செய்கிறார். மட்டையாளர், பன்முக ஆட்டக்காரர், இலக்குக் காப்பாளர், வேகப்பந்து வீச்சாளர், சுழற்பந்து வீச்சாளர் என வீரர்கள் தொகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றனர். அடிப்படை விலைக்கும் எவரும் கேட்காத வீரர் விலைபோகாதவர் ஆவார். அவர் பெயர் பின்னர் மீண்டும் அழைக்கப்படலாம். வீரர் தமக்கு விருப்பமான அணியைத் தெரிவு செய்ய இயலாது. ஏல விலை ஒரு பருவத்திற்கான ஊதியத்தைக் குறிக்கும்.

ஓர் அணியில் 18 முதல் 25 வீரர்கள் வரை இருக்கலாம். வெளிநாட்டவர் எட்டுப் பேருக்கு மேற்படலாகாது. களமிறங்கும் பதினொருவரில் நால்வர் மட்டுமே வெளிநாட்டவராக இருக்கலாம். இவ்விதியினால் தரமான இந்திய வீரர்களுக்கான போட்டி கடுமையாகிறது.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும்பாலான வீரர்கள் விடுவிக்கப்பட்டுப் பெரும் ஏலம் நடைபெறும். இடைப்பட்ட ஆண்டுகளில் வெற்றிடங்களை நிரப்பச் சிறு ஏலம் நடத்தப்படும். சிறு ஏலத்தில் வாங்குவதற்குரிய வீரர்கள் குறைவாகவும், ஒரே வகை வீரரைத் தேடும் அணிகள் பலவாகவும் இருப்பதால் விலை எளிதில் உயர்கிறது. 2023 டிசம்பரில் நடந்த சிறு ஏலத்தில் மிட்செல் ஸ்டார்க் 24.75 கோடி ரூபாய்க்கு விலைபோனார். பின்னர் சிறு ஏலங்களில் வெளிநாட்டு வீரர் பெறும் ஊதியத்திற்கு வரம்பு விதிக்கப்பட்டது. 2025 டிசம்பரில் கொல்கத்தா அணி கேமரன் கிரீனை 25.20 கோடிக்கு வாங்கியபோது, அவருக்கு உரியது 18 கோடி மட்டுமே. எஞ்சிய தொகை வாரியத்தின் வீரர் நலப் பணிகளுக்குரியது.

தக்கவைத்தல்

பெரும் ஏலத்திற்கு முன் ஓர் அணி குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வீரர்களைத் தக்கவைத்துக் கொள்ளலாம். அவர்களுக்கான தொகை உச்சவரம்பிலிருந்து கழிக்கப்படும். 2025 பருவத்திற்கான உச்சவரம்பு 120 கோடி. சென்னை அணி ருதுராஜ் கெயிக்வாட் (18 கோடி), ரவீந்திர ஜடேஜா (18 கோடி), மதீச பத்திரண (13 கோடி), சிவம் துபே (12 கோடி), தோனி (4 கோடி) ஆகியோரைத் தக்கவைத்தது. இதனால் ஏல அரங்கிற்குள் நுழையும்போது அதன் கையில் 55 கோடியே இருந்தது. ஐந்து ஆண்டுகள் பன்னாட்டுப் போட்டிகளில் ஆடாத இந்திய வீரரைப் பன்னாட்டு அனுபவம் அற்றவராகக் கருதும் விதியினாலேயே தோனியைக் குறைந்த தொகைக்குத் தக்கவைக்க முடிந்தது.

சென்னை சூப்பர் கிங்ஸ் அணி

சென்னை அணி நீண்ட காலம் மாற்றங்களைக் குறைத்து, அனுபவமுள்ள வீரர்களை மிதமான விலைக்கு வாங்கும் வழியைக் கடைப்பிடித்தது. இரண்டு ஆண்டுத் தடைக்குப் பின் 2018 இல் திரும்பியபோது, ஷேன் வாட்சனை 4 கோடிக்கும் அம்பாத்தி ராயுடுவை 2.2 கோடிக்கும் வாங்கியது. வயது முதிர்ந்தோர் அணி என்ற கேலிக்கு உள்ளான அவ்வணியே அவ்வாண்டு வாகை சூடியது. இறுதிப் போட்டியில் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் எடுத்தார்.

இவ்வழி எப்போதும் பலிக்கவில்லை. 2025 பருவத்தில் சென்னை முதன்முறையாகப் பட்டியலில் கடைசி இடம் பெற்றது. அதன்பின் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்கு அளித்து, சஞ்சு சாம்சனைப் பெற்றது. 2025 டிசம்பர் ஏலத்தில், பன்னாட்டுப் போட்டிகளில் ஆடாத இளைஞர்களான பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகியோரைத் தலா 14.20 கோடிக்கு வாங்கியது.

தமிழ்நாட்டு வீரர்கள்

தமிழ்நாட்டின் சிற்றூர்களைச் சேர்ந்த வீரர்களுக்கு ஏலம் புதிய வாயிலாக அமைந்தது. 2016 இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் அவர்களை அணித் தேர்வாளர்களின் பார்வைக்குக் கொண்டுவந்தது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராஜனின் அடிப்படை விலை 2017 இல் 10 லட்சம். பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு வாங்கியது. மறு ஆண்டு அவர் விலை 40 லட்சமாகச் சரிந்தது. ஐதராபாத் அணிக்காக 2018, 2019 ஆகிய இரு பருவங்களிலும் ஒரு போட்டியில் கூட அவர் ஆடவில்லை. 2020 பருவத்தில் வாய்ப்புக் கிடைத்தபின், அவ்வாண்டு ஆத்திரேலியச் சுற்றுப்பயணத்தில் இந்தியாவுக்காக மூவகைப் போட்டிகளிலும் அறிமுகமானார். 2025 பருவத்திற்கான அவரது விலை 10.75 கோடி.

கட்டடக்கலை பயின்ற வருண் சக்கரவர்த்தியை 2018 டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு வாங்கியது. அடிப்படை விலை 20 லட்சம். காயத்தால் அப்பருவத்தில் ஒரு போட்டியில் மட்டுமே ஆடினார். அடுத்த ஏலத்தில் 4 கோடிக்குக் கொல்கத்தா சென்று, அங்கேயே நிலைபெற்று இந்திய அணிக்கும் தேர்வானார்.

தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் 2023 இல் முதன்முறையாக ஏலம் நடந்தது. கோவை அணி சாய் சுதர்சனை 21.6 லட்சத்திற்கு வாங்கியது. அப்போது ஐ.பி.எல் தொடரில் குஜராத் அணி அவருக்கு அளித்த ஊதியம் 20 லட்சம் மட்டுமே. அவ்வாண்டு ஐ.பி.எல் இறுதிப் போட்டியில் அவர் சென்னைக்கு எதிராக 96 ஓட்டங்கள் குவித்தார். 2025 பருவத்திற்குக் குஜராத் அவரை 8.5 கோடிக்குத் தக்கவைத்தது. 759 ஓட்டங்களுடன் அப்பருவத்தில் மிகுந்த ஓட்டங்கள் எடுத்தவர் அவரே.

விலையும் பயனும்

உயர்ந்த விலை களத்தில் இடத்தை உறுதி செய்வதில்லை. 2009 இல் சென்னை 15.5 லட்சம் டாலருக்கு வாங்கிய ஆண்ட்ரூ பிளின்டாஃப் காயத்தால் மூன்று போட்டிகளில் மட்டுமே ஆடினார். 2021 இல் 9.25 கோடிக்கு வாங்கப்பட்ட கிருஷ்ணப்ப கௌதம் அப்பருவத்தில் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. கடந்த காலச் சாதனையும் விலையை உறுதி செய்வதில்லை. அந்நாள் வரை சென்னை அணிக்காக மிகுந்த ஓட்டங்கள் எடுத்திருந்த சுரேஷ் ரைனாவை 2022 பெரும் ஏலத்தில் 2 கோடி அடிப்படை விலைக்கு எந்த அணியும் கேட்கவில்லை. அவர் அவ்வாண்டு செப்டம்பரில் அனைத்து வகைத் துடுப்பாட்டங்களிலிருந்தும் ஓய்வு பெற்றார்.