ஜப்பானில் ஆண்டு உடற்பரிசோதனை: முன்னதாகச் செய்ய வேண்டியவை

எங்கள் நீரிழிவுப் பிரிவில் சிகிச்சை பெறும் ஒருவர் டோக்கியோவில் பணிபுரிகிறார். அவருடைய நிறுவனம் ஏற்பாடு செய்த ஆண்டுப் பரிசோதனையின் அறிக்கையை அவருடைய தாயார் கைப்பேசியில் எங்களிடம் காட்டினார். சிறுநீரில் சர்க்கரை மிக அதிகம் என்றும் மேற்பரிசோதனை தேவை என்றும் அதில் இருந்தது. அம்மையார் இரண்டு நாள் உறங்கவில்லை.

உண்மையில் அஞ்ச ஏதுமில்லை. அவருக்கு டபாகிளிஃப்ளோசின் என்னும் மாத்திரையை எழுதிக் கொடுத்தவர்கள் நாங்களே. இரத்தத்தில் மிகும் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதுதான் அதன் வேலை. அதை உட்கொள்பவரின் சிறுநீரில் சர்க்கரை காணப்படுவது இயல்பு. ஆனால் அங்குள்ள மருத்துவருக்கு இது தெரிய வழியில்லை. 'மொன்ஷின்ஹியோ' எனப்படும் முன்வினாப் படிவத்தில், மருந்து உட்கொள்கிறீர்களா என்ற கேள்விக்கு நம்மவர் 'இல்லை' என்று குறித்திருந்தார். ஜப்பானிய எழுத்து புரியவில்லை என்பது ஒரு காரணம். அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமே என்பது மற்றொன்று.

இந்த அச்சத்தை நாங்கள் எள்ளி நகையாட மாட்டோம். 1972ஆம் ஆண்டின் தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நலச் சட்டப்படி ஆண்டுதோறும் பரிசோதனை நடத்துவது நிறுவனத்தின் கடமை. அதற்கு உட்படுவது பணியாளரின் கடமை. சட்டம் வரையறுத்த சோதனைகளின் முடிவுகள் நிறுவனத்துக்குச் செல்கின்றன. ஐந்தாண்டுகள் பாதுகாக்கவும் படுகின்றன. அவற்றைக் கையாள்பவர்கள் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். இருப்பினும் எங்கள் கருத்து இதுதான்: மறைக்கப்பட்ட மருந்து ஆய்வகத்தில் எப்படியும் வெளிப்படும், அப்போது அதனுடன் விளக்கம் ஏதும் இருக்காது.

ஆகவே, பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே மருந்துப் பட்டியலைத் தயாரித்துக்கொள்ளுங்கள். இந்திய வணிகப் பெயர்கள் அங்கே பயன்படா. மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் ஆங்கில எழுத்தில் எழுதினால் மருத்துவரும் மருந்தாளுநரும் புரிந்துகொள்வர். 'ஓகுசுரி தெச்சோ' என்னும் மருந்துக் கையேடு அங்குள்ள மருந்தகங்களில் கிடைக்கும். இந்தியாவிலிருந்து கொண்டு சென்ற மருந்துகளையும் அதில் எழுதி வையுங்கள். வைட்டமின் சி மாத்திரையைக்கூட விட்டுவிடாதீர்கள். அது சிறுநீர்ச் சோதனையின் முடிவைப் பிறழச் செய்யக்கூடும்.

முந்தைய இரவு உணவுக்குப் பின் வெறும் வயிறாக இருக்கச் சொல்வார்கள். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு பட்டினியாகச் சென்றால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். இரத்த அழுத்த மாத்திரையை அதிகாலையில் சிறிது நீருடன் உட்கொள்ளுமாறு பெரும்பாலும் கூறுவோம். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்னதாகவே கேளுங்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். பரிசோதனைக்கு முந்திய வாரம் மட்டும் சோற்றைக் குறைத்து நல்ல முடிவு பெற நினைப்பவர்களும் உண்டு. எச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. அது இதற்கெல்லாம் ஏமாறாது.

நம்மவர்களைப் பெரிதும் திகைக்க வைப்பது பேரியம் சோதனை. இரைப்பைப் புற்றுநோய் ஜப்பானில் நெடுங்காலமாகப் பெரும் சிக்கல் என்பதால் இது அங்கே பரவலாக நடைபெறுகிறது. முதலில் நுரைக்கும் தூளைத் தருவார்கள்; அது வயிற்றை உப்ப வைக்கும். ஏப்பம் வரும், அடக்கிக்கொள்ள வேண்டும். பிறகு சுண்ணாம்புக் குழம்பு போன்ற பேரியத்தைக் குடித்து, சாயும் மேசை மீது புரள வேண்டும். 'மிகி' என்றால் வலம், 'ஹிதாரி' என்றால் இடம், 'இகி ஓ தொமெத்தே' என்றால் மூச்சை நிறுத்து. இம்மூன்றையும் அறிந்தால் பாதித் தடுமாற்றம் குறையும். முடிந்தவுடன் தரும் மலமிளக்கியை உட்கொண்டு நிறைய நீர் பருகுங்கள். இல்லையேல் பேரியம் குடலில் இறுகிவிடும். மலம் வெண்மையாகப் போவது இயல்பே. போகாமல் வயிறு வலித்தால் தாமதிக்காதீர்கள். கடுமையான மலச்சிக்கல், முன்பு குடல் அடைப்பு, விழுங்குவதில் சிரமம், கர்ப்பம் இவற்றில் ஏதேனும் இருந்தால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். பல மையங்களில் பேரியத்துக்குப் பதிலாக உள்நோக்கிச் சோதனையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இடுப்புச் சுற்றளவைத் தொப்புள் மட்டத்தில் அளப்பார்கள். அங்கே எல்லை ஆணுக்கு 85, பெண்ணுக்கு 90 சென்டிமீட்டர். ஆனால் தெற்காசியப் பெண்களுக்கு உலக நீரிழிவுக் கூட்டமைப்பு கூறும் எல்லை 80 மட்டுமே. ஆகவே 86 சென்டிமீட்டர் உள்ள நம் வீட்டுப் பெண் அங்கே அந்த அளவீட்டில் தேறிவிடுவார். எங்களிடம் வந்தால் தேறமாட்டார்.

நிறுவனப் பரிசோதனை பணியாளருக்கு மட்டுமே உரியது. 40 முதல் 74 வயது வரை உள்ள மனைவி அல்லது கணவருக்கு 2008 முதல் மருத்துவக் காப்பீட்டின் வழியே தனிப் பரிசோதனை உண்டு. அதற்கும் இளைய மனைவியரே பெரிதும் விடுபட்டுப் போகிறார்கள். 20 வயது முதல் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையை உள்ளாட்சி அமைப்புகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை குறைந்த கட்டணத்தில் செய்கின்றன. அதற்கான கடிதம் ஜப்பானிய மொழியில் வரும். விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகனுக்கோ மகளுக்கோ முன்பு காசநோய் வந்து குணமாகியிருந்தால் நுரையீரலில் தழும்பு இருக்கலாம். பழைய படம் இல்லாமல் அது புதியதா பழையதா என்று அங்குள்ள மருத்துவரால் கூற இயலாது; ஒவ்வோர் ஆண்டும் ஸ்கேனுக்கு அனுப்புவார். அந்த எக்ஸ்ரே படமும் சிகிச்சை முடிந்த சான்றும் உங்கள் வீட்டுப் பீரோவில்தான் இருக்கும். தேடி எடுத்து, வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்து, தேதியுடன் அனுப்பிவையுங்கள்.