ஓர் இரவு இருக்கையும் பொதுக் கணினியும்

காஞ்சி மாநகரின் தென்புறத்தே, பாலாற்றங்கரையில் அமைந்த ஊர் ஓரிக்கை. 'ஓர் இரவு இருக்கை' என்பதே மருவி இப்பெயராயிற்று என்பர். பல்லவ மன்னனின் சினத்துக்கு ஆளாகிக் கணிகண்ணர் நகர் நீங்கியபோது, அவருடைய ஆசான் திருமழிசையாழ்வாரும், ஆழ்வாரின் வேண்டுகோளை ஏற்றுத் தம் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு திருவெஃகாப் பெருமாளும் உடன் சென்று, இவ்வூரில் ஓரிரவு தங்கினர் என்பது வைணவ மரபு கூறும் செய்தி. தங்கிய இடத்தை விட்டு எழுவோர் தம் பாயைத் தாமே சுருட்டிச் செல்வது இம்மண்ணின் பண்பு. பொதுக் கணினியின் முன் அமரும்போது மட்டும் அப்பண்பை நாம் மறந்துவிடுகிறோம்.

சுவடுகள் படியும் இடங்கள்

கல்வி உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் வங்கி அலுவலுக்கும் நம் மாணவர் பலர் கல்லூரிக் கணினியையோ கடைக் கணினியையோ நாடுகின்றனர். இணையத்தைக் காட்டும் உலாவி என்னும் மென்பொருள், நாம் பார்த்த பக்கங்களின் முகவரிகளை வரலாறாகக் குறித்துக்கொள்கிறது. 'குக்கி' எனப்படும் சிறு கோப்புகள் நாம் இன்னார் என்பதை நினைவில் வைக்கின்றன. படிவத்தில் எழுதிய பெயரும் கைப்பேசி எண்ணும், நாம் இசைந்தால் கடவுச்சொல்லும் சேமிக்கப்படுகின்றன. தேடற்கட்டத்தில் ஓரெழுத்தைத் தட்டியவுடன் முன்னவர் தேடிய சொற்கள் வரிசையாக வந்து நிற்பது இதனாலேயாகும்.

தாய்க்கு வந்த நோயின் பெயரை ஒரு மாணவி தேடிவிட்டு எழுந்து செல்கிறாள் எனக் கொள்வோம். அடுத்து அமர்பவர் அதனைக் காண்பாராயின், அவ்வில்லத்தின் துயரம் தெருவின் பேச்சாகிவிடும்.

தேடற்சொற்கள் ஒருவரை எவ்வளவு காட்டிக்கொடுக்கும் என்பதை உலகம் 2006-ஆம் ஆண்டு கண்டது. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் ஏறத்தாழ 6.5 லட்சம் பயனாளரின் 2 கோடித் தேடல்களை, பெயர்களை நீக்கி எண்களை இட்டு ஆய்வுக்கென வெளியிட்டது. அத்தேடல்களைக் கொண்டு, ஒரு முதிய பெண்மணி இன்னார் என்பதைச் செய்தியாளர் சில நாள்களிலேயே கண்டறிந்துவிட்டனர்.

அழிக்கும் முறை

குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் ஆகிய உலாவிகளில் கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் அழிப்பதற்கான பக்கம் தோன்றும். அதில் வரலாறு, குக்கிகள், தற்காலிகக் கோப்புகள் ஆகியவற்றைத் தெரிவு செய்தல் வேண்டும். கால அளவைத் தெரிவு செய்வதில் கவனம் தேவை. ஒரு மணி நேரம் அமர்ந்தவர் அந்த ஒரு மணி நேரத்தையே அழிக்க வேண்டும். 'எல்லாக் காலமும்' என்பதைத் தெரிவு செய்தால், பிறர் தமக்கென வைத்திருந்தவையும் உடன் அழிந்துபோம்.

அதற்கு முன்பே மின்னஞ்சல் முதலிய கணக்குகளிலிருந்து முறையாக வெளியேறுதல் வேண்டும். பதிவிறக்கிய சான்றிதழ்கள் வரலாற்றோடு அழிவதில்லை. அவற்றைத் தனியே நீக்கிக் குப்பைத் தொட்டியையும் காலி செய்தல் வேண்டும். தொடக்கத்திலேயே மறைநிலைச் சாளரத்தைத் திறந்து பணியாற்றி, இறுதியில் அதனை மூடிவிடுவது இன்னும் எளிது.

அழியாதவை

ஆயினும் இவ்வழிப்புக்கு எல்லையுண்டு. கூகுள் கணக்கினுள் இருந்து தேடியவை அக்கணக்கிலும் பதிவாகியிருக்கக்கூடும். அவற்றை அங்கேதான் நீக்க இயலும். இந்திய அரசு 2011-இல் வகுத்த விதிகளின்படி, இணைய மையம் நடத்துவோர் பார்க்கப்பட்ட தளங்களின் பதிவுகளை ஓராண்டேனும் காத்தல் வேண்டும். மறைநிலைச் சாளரத்தைப் பயன்படுத்தியோரின் விவரங்களையும் திரட்டியதாகக் கூகுள் மீது 2020-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2024-இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆகவே, வரலாற்றை அழிப்பது அடுத்து அமர்பவரின் கண்ணிலிருந்து நம்மைக் காக்குமேயன்றி, எல்லாரிடமிருந்தும் காக்காது.

இருவர் கடமை

'தவறு செய்யாதவன் ஏன் மறைக்க வேண்டும்?' என வினவுவோர் உளர். கதவைத் தாழிட்டு உறங்குவோரெல்லாம் குற்றவாளிகள் அல்லர். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயம் பிறர் இல்லத்தில் நுழையுமுன் அனுமதி பெறுமாறு பணிக்கிறது. 49-ஆம் அத்தியாயம் பிறரைத் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது.

எனவே, கடமை எழுபவருக்கு மட்டும் உரியதன்று. முன்னவர் மறதியால் விட்டுச்சென்றதை அடுத்து அமர்பவர் காண நேரின், அதனை அமானிதமாகக் கருதிப் படிக்காமலும் பிறருக்குப் பரப்பாமலும் அக்கணக்கை மூடிவிடல் வேண்டும். எழுபவர் தம் பாயைச் சுருட்டுக; மறந்தாராயின் அடுத்தவர் அதனைப் பிரித்துப் பாராது சுருட்டி வைக்க. பொது இருக்கையின் பண்பு இதுவேயாகும்.