முதுகுச் சுமையில் எது: கோடாலியா, ரம்பமா?

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இருக்கும் அல்கான்குவின் பூங்கா பெயரளவில்தான் பூங்கா. 1893இல் பாதுகாக்கப்பட்ட அந்த நிலம் சுமார் 7,600 சதுர கிலோமீட்டர் காடு. உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். கோடையில் அங்கே போகிறவர்கள் சிறு படகில் சாமான்களை அடுக்கிக்கொண்டு ஒரு ஏரியைக் கடப்பார்கள். கரை வந்ததும் படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு, காட்டுப் பாதை வழியே அடுத்த ஏரிக்கு நடப்பார்கள். டொரண்டோவிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான் என்பதால், அந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் கூடாரம் அடிக்கப் போகும் இடம் இது.

இப்படிப்பட்ட பயணத்தில் கூடாரம், உணவு, உடை எல்லாமே தோளில்தான் ஏறும். அதனால் மூட்டை கட்டும்போதே ஒவ்வொரு பொருளையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்போது தவறாமல் எழும் கேள்வி ஒன்று: விறகுக்கு எதை எடுத்துப் போவது, கோடாலியையா, ரம்பத்தையா?

வட அமெரிக்கக் காடுகளின் கதை நெடுங்காலம் கோடாலியின் கதையாகவே இருந்தது. ஐரோப்பாவில் மரத்தைக் குறுக்கே அறுக்கும் ரம்பம் பழைய காலத்திலிருந்தே உண்டு. ஆனாலும் அமெரிக்க மரவெட்டிகள் 1880கள் வரை பெருமரங்களைக் கோடாலியால்தான் சாய்த்தார்கள். அதன் பிறகுதான் இருவர் இரு முனைகளில் பிடித்து இழுக்கும் நீள ரம்பம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பிறகு இயந்திர ரம்பம் வந்தது, கைரம்பமும் ஓரங்கட்டப்பட்டது.

ஓரங்கட்டப்பட்டதை ஒரு சட்டம் திரும்ப அழைத்து வந்தது. 1964இல் அமெரிக்காவில் வந்த வனாந்தரப் பாதுகாப்புச் சட்டம், வனாந்தரம் என்று அறிவிக்கப்பட்ட காடுகளுக்குள் மோட்டார் கருவிகளைத் தடை செய்தது. பாதையில் விழுந்த மரத்தை அகற்றும் வனத்துறை ஊழியர்களுக்கும் பொதுவாக அதே விதிதான். ஆகவே இன்றும் அவர்கள் கைரம்பத்தோடும் கோடாலியோடும் மலையேறுகிறார்கள். ஐடஹோ மாநிலக் காடுகளில் வேலை பார்த்த வாரன் மில்லர் என்பவர் எழுதி, 1977இல் அமெரிக்க வனத்துறை வெளியிட்ட ரம்பக் கையேடு இன்றைக்கும் பயன்பாட்டில் இருக்கிறது.

அறுவை மில் வருவதற்கு முன்னால், ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயுமாக நின்று பெரிய ரம்பத்தை இழுத்துப் பலகை அறுத்ததைத் தமிழ்நாட்டு முதியவர்கள் பார்த்திருப்பார்கள். அது மரத்தை நீளவாக்கில் அறுப்பது. காட்டில் தேவைப்படுவதோ குறுக்கே அறுப்பது. இரண்டுக்கும் பல்லின் அமைப்பே வேறு. குறுக்கே அறுக்கும் பெரிய ரம்பத்தில் இரண்டு விதப் பற்கள் உண்டு. கூரான பற்கள் ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சற்றே வளைந்து நின்று, வெட்டுவாயின் இரு ஓரங்களிலும் மர நாரைத் துண்டிக்கும். அவற்றுக்கு இடையே இருக்கும் மொட்டைப் பற்கள், துண்டான நாரைச் சுரண்டி வெளியே தள்ளும். நன்றாகத் தீட்டிய ரம்பத்திலிருந்து வருவது பொடித் தூள் அல்ல. சேமியா போல நீள நீளமாகச் சுருள்கள் உதிரும். தூளாகக் கொட்டினால் தீட்டும் வேளை வந்துவிட்டது என்று ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள்.

கோடாலியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ரம்பத்தின் சிக்கனம் விளங்கும். ஆறு அங்குலக் கட்டையை ரம்பத்தால் துண்டாக்க, ஓரிரு மில்லிமீட்டர் அகலத்துக்கு மரத்தைத் தூளாக்கினால் போதும். அதே கட்டையைக் கோடாலியால் குறுக்கே வெட்டுகிறவர், கட்டையின் பருமன் அளவுக்கு அகலமான பள்ளத்தைச் சரிவாகக் கொத்தி எடுக்க வேண்டும். அவ்வளவு மரமும் சிராய்களாகச் சிதறும், அவ்வளவுக்கும் கை வலிக்கும். பழக்கமில்லாதவருக்கு இரண்டு வெட்டு ஒரே இடத்தில் விழுவதே அரிது. குறுக்கே துண்டாக்குவதில் ரம்பத்துக்குக் கோடாலி ஈடே இல்லை.

எடையிலும் ரம்பத்துக்கே வெற்றி. பலரும் வாங்கும் பாக்கோ லாப்லாண்டர் மடக்கு ரம்பத்தின் அலகு 190 மில்லிமீட்டர், மொத்த எடை கால் கிலோவுக்கும் குறைவு. ஸ்வீடனின் கிரான்ஸ்ஃபோர்ஸ் ப்ரூக் பட்டறையில் செய்யும் சிறிய காட்டுக் கோடாலி, அரை மீட்டர் நீளக் காம்போடு சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ. 1902 முதல் நடக்கும் அந்தப் பட்டறையில் கோடாலியை அடித்த கொல்லர் தன் பெயரின் முதலெழுத்துகளை அதன் தலையில் பொறித்துத் தருகிறார். கையில் எடுத்தால் வைக்க மனம் வராத பொருள் அது. ஆனால் ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே அதைச் சுமக்கப் போவது மனம் அல்ல, முதுகு.

ஜப்பானிய மடக்கு ரம்பங்களுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. அவை தள்ளும்போது வெட்டுவதில்லை, தன் பக்கம் இழுக்கும்போது வெட்டும். இழுக்கும்போது தகடு விறைப்பாக நிற்கும், வளையாது. அதனால் அலகை மெலிதாகச் செய்யலாம். மெலிய அலகுக்கு அறுக்க வேண்டிய மரமும் குறைவு. பழக்கமில்லாதவர்கள் அழுத்தித் தள்ளி அலகை வளைத்துவிடுகிறார்கள். தள்ளும்போது கையைத் தளர்த்தி, இழுக்கும்போது மட்டும் அழுத்தம் கொடுத்தால் அது நீண்ட நாள் உழைக்கும். இன்றைய மடக்கு ரம்பங்கள் பலவற்றின் பற்கள் மின்சூட்டில் கடினமாக்கப்பட்டவை. அரம் அவற்றின் மேல் ஏறாது. மழுங்கினால் அலகையே மாற்ற வேண்டும். கோடாலிக்கு அந்தக் கவலை இல்லை, உள்ளங்கை அளவுச் சாணைக்கல் போதும்.

இவ்வளவும் உண்மையென்றால் கோடாலியை வீட்டிலேயே வைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் மழை குறுக்கிடுகிறது.

மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்த காட்டில் சுள்ளி, பட்டை, கிளை எல்லாமே நனைந்திருக்கும். ஆனால் மணிக்கட்டைவிடப் பருமனான காய்ந்த கட்டையின் உட்புறம் ஈரம் படாமல் இருக்கும். மண்ணில் புதைந்து கிடக்காமல், பாறை மேலோ வேறொரு மரத்தின் மேலோ சாய்ந்து கிடந்த கட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. அதை முழங்கை நீளத்துக்கு அறுத்து, நட்டுக்க நிறுத்தி இரண்டாகப் பிளந்து, இரண்டை நான்காக்கினால் உள்ளே வெளிர் நிறத்தில் உலர்ந்த மரம் தெரியும். அதில் கத்தியால் மெல்லிய சீவல்கள் எடுத்தால் நெருப்பு பற்றிக்கொள்ளும். இந்த வேலையில் ரம்பம் பாதி தூரம்தான் கூட வரும். நார் ஓடும் வாக்கில் மரத்தைப் பிளப்பதற்கு ஆப்பு போன்ற கனமான கருவி வேண்டும், கோடாலியின் தலை அந்த ஆப்புதான். உலர்ந்த விறகு வேண்டியவருக்கு ரம்பமும் கோடாலியும் ஒன்றுக்கொன்று மாற்று ஆவதில்லை. ஒன்று குறுக்கே துண்டாக்கும், மற்றது நெடுக்கே பிளக்கும்.

குளிர்காலத்தில் கோடாலியின் மதிப்பு இன்னும் உயரும். வட கனடாவில் பனிக்காலப் பயணம் போகிறவர்கள் கூடாரத்துக்குள் சிறிய தகர அடுப்பு வைத்து எரிப்பார்கள். அந்த அடுப்பு வாய்க்கு முழுக்கட்டை நுழையாது, பிளந்த விறகுதான் வேண்டும், அதுவும் இரவெல்லாம் வேண்டும். அங்கே நெருப்பு அணைவது உயிருக்கே ஆபத்து. ஆல்பர்ட்டாவில் பல்லாண்டுகள் காட்டு வாழ்க்கைப் பயிற்சி அளித்த மோர்ஸ் கோச்சான்ஸ்கி, தம் நூலில் கோடாலிக்குப் பெரும் இடம் ஒதுக்கியதற்கு அந்த வடதிசைக் குளிர்தான் காரணம். கடுங்குளிரில் எஃகின் விளிம்பு எளிதில் உதிரும் என்பதால், முதல் வெட்டுக்கு முன் அலகைச் சற்றே சூடேற்றிக்கொள்வதும் அங்கே வழக்கம்.

எல்லாவற்றையும் கையால் செய்தே தீருவது என்று இறங்கியவர்களுக்கு இரண்டுமே தேவைப்பட்டன. ஐம்பது வயதைக் கடந்த டிக் ப்ரொன்னகி, 1968இல் அலாஸ்காவின் ட்வின் லேக்ஸ் கரையில் தனி ஆளாக மரவீடு கட்டினார். சில கருவிகளின் இரும்புத் தலைகளை மட்டும் கொண்டுபோய், காம்புகளை அங்கே கிடைத்த மரத்தில் தாமே செதுக்கிக்கொண்டார். சுமையைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. கோடாலி, ரம்பம் என்று ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்ய எழுந்த அந்த வீடு, இன்று லேக் கிளார்க் தேசியப் பூங்காவில் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் அவர் வாழப் போனவர். நான்கு நாள் விடுமுறையில் போகிறவரின் தேவை அதுவல்ல.

நெஸ்முக் என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் இதற்கு நேர் எதிர்ப் பக்கம் நின்றவர். 1883இல், ஐந்து கிலோகூட எடையில்லாத ஒன்பது அடிப் படகில் நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் ஏரிகளைச் சுற்றிவந்தார். அடுத்த ஆண்டு வெளியான தம் நூலில், காட்டுக்குப் போகிறவர் பாதி சுமையை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்று வாதிட்டார். அவர் கொண்டுபோனது பெருங்கோடாலி அல்ல. இருபுறமும் அலகுள்ள கைக்கடக்கமான சிறு கோடாலி.

சிறு கோடாலி என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பார்க்கப் பொம்மை போல இருப்பதால், புதியவர்கள் அதைத்தான் பாதுகாப்பானது என்று நினைத்து வாங்குகிறார்கள். நடப்பது மறுதலை. நீளக் காம்புள்ள கோடாலி குறி தவறினால் பெரும்பாலும் முன்னால் இருக்கும் தரையில் போய்ப் பதியும். குட்டைக் காம்புள்ளது தவறினால் அது சுழன்று வரும் பாதையில் ஆளின் முழங்கால் நிற்கும். அதனால் சிறு கோடாலியை நின்றுகொண்டு வீசவே கூடாது. மண்டியிட்டு, முன்னால் ஒரு அடிக்கட்டையை வைத்து, அதன் மேல்தான் விறகைப் பிளக்க வேண்டும். சிறிய விறகானால் வீசவே தேவையில்லை. அலகை விறகின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கி அடிக்கட்டையில் தட்டினால் போதும், பிளந்துவிடும். காம்பைப் பிடித்துக் கையை நீட்டிச் சுற்றிலும் ஒரு வட்டம் போட்டுப் பார்த்து, அதற்குள் ஆளோ கிளையோ இல்லை என்று உறுதி செய்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும் என்பது சாரணர்களுக்குச் சொல்லித்தரும் விதி. குழந்தைகளோடு போகும் குடும்பங்கள் இதை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

ரம்பமும் காயப்படுத்தும், ஆனால் அந்தக் காயம் வேறு மாதிரி. வெட்டுத் தொடங்கும்போது அலகு துள்ளி, கட்டையைப் பிடித்திருக்கும் மறு கையில் படும். அந்தக் கைக்கு ஒரு கையுறை போட்டால் பெரும்பாலும் தப்பிவிடலாம். கோடாலி பட்டால் எலும்பு வரை இறங்கும். மருத்துவமனைக்குப் போகப் பல ஏரிகளைத் துடுப்புப் போட்டுக் கடக்க வேண்டிய இடத்தில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

ரம்பத்துக்கென்று ஒரு தொல்லையும் உண்டு, அறுக்கும்போது அலகு மாட்டிக்கொள்வது. இரு முனைகளும் தாங்கலில் இருக்க, நடுவில் அறுத்தால், கட்டை தன் எடையால் கீழே தொய்ந்து வெட்டுவாயை மேலிருந்து மூடும். ஒரு முனையை மட்டும் தாங்கலில் வைத்து, தொங்கும் மறு பகுதியை அறுத்தால் வெட்டுவாய் தானே திறந்துகொடுக்கும்.

ரம்பம் மட்டும் கையில் இருப்பவர் மழைநாளில் என்ன செய்வது? கட்டையைக் குட்டையாக, ஒரு அடிக்குள் அறுத்துக்கொள்ள வேண்டும். தடித்த முதுகுள்ள, மடங்காத கத்தியை அதன் மேல் வைத்து, ஒரு தடியால் கத்தியின் முதுகில் தட்டினால் கைப்பருமனுள்ள கட்டை பிளந்துவிடும். கணு இல்லாத பகுதியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். பெரிய கட்டைக்கு மரத்திலேயே இரண்டு ஆப்புகள் செதுக்கி, கத்தி திறந்துவிட்ட விரிசலில் இறக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் ஒரு மாலை நெருப்புக்கு இது போதும்.

இரண்டுமே தேவைப்படாத இடங்களும் நிறைய. காட்டில் தடம் பதிக்காமல் பயணம் செய்யக் கற்றுத்தரும் அமெரிக்க அமைப்புகள், தரையில் கிடக்கும், கையாலேயே ஒடிக்கக்கூடிய காய்ந்த சுள்ளி போதும் என்கின்றன. சமையலுக்குச் சிறு கேஸ் அடுப்பு கொண்டுபோகிறவருக்கு அந்தச் சுள்ளியும் வேண்டியதில்லை. மின்னசோட்டாவின் பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிக்காடுகளில் பச்சை மரத்தை வெட்டுவது சட்டப்படி குற்றம். விறகைக் கூடாரத் திடலுக்கு அருகே பொறுக்காமல், தள்ளிப்போய்த் தரையில் கிடப்பதை எடுக்கச் சொல்கிறார்கள். நின்றபடி காய்ந்த மரம் மரங்கொத்திக்கும் ஆந்தைக்கும் வீடு. தொட்டால் அது தலையில் முறிந்து விழும் ஆபத்தும் உண்டு. வீட்டிலிருந்தே விறகு கொண்டுபோகலாம் என்ற யோசனையும் வேண்டாம். 2002இல் மிச்சிகனிலும் ஒண்டாரியோவிலும் கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றது. அது ஊர் ஊராகப் பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம், மனிதர்கள் காரில் ஏற்றிச் சென்ற விறகு.

கோடையில் இரண்டு மூன்று இரவுகள் தங்கப் போகிறவர் ஒரு மடக்கு ரம்பமும் மடங்காத கத்தியும் எடுத்துப் போகட்டும். ஒரு வாரத்துக்கு மேல் நீளும் மழைக்காலப் பயணத்துக்கும் பனிக்காலப் பயணத்துக்கும் ரம்பத்தோடு கோடாலியும் வேண்டும். அதை வாங்கிய கையோடு காட்டுக்குக் கிளம்பாமல், வீட்டுக் கொல்லையில் அடிக்கட்டை போட்டு, தெரிந்தவர் ஒருவர் அருகிலிருக்கப் பிளந்து பழகிவிட்டுப் போங்கள். விமானத்தில் போவதானால் இரண்டையும் உறையிட்டுச் சரக்குப் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள்.