கோபாலன் கேட்ட கேள்வி

“நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டால் யாரையும் சிறையில் அடைக்கலாமா, சார்?” பத்தாம் வகுப்பில் அடிப்படை உரிமைகளை நடத்தும்போது எழும் கேள்வி இது. செஞ்சி மாணவர்களுக்கு ராஜகிரி மலைப்பக்கமுள்ள ‘சிறைக்கிணறு’ தெரியும். கைதிகளை அதில் தள்ளிப் பட்டினி போட்டார்கள் என்பது ஊர்ப்பேச்சு. அன்று அரசன் சொன்னதே முடிவு. மக்களாட்சியில் அப்படியா? இதை விளக்க ஏற்றது ‘ஏ.கே.கோபாலன் எதிர் மதராஸ் மாநிலம்’ வழக்கு.

வழக்கின் பின்னணி

பொதுவுடைமை இயக்கத் தலைவர் கோபாலன் 1947 டிசம்பர் முதல் காவலில் இருந்தார். நீதிமன்றத் தண்டனைகள் ரத்தான பின்பும் அவர் விடுவிக்கப்படவில்லை. 1950 பிப்ரவரியில் நாடாளுமன்றம் தடுப்புக்காவல் சட்டத்தை நிறைவேற்றியது. மார்ச் 1 அன்று அதன்கீழ் புதிய ஆணை அவரிடம் தரப்பட்டது. தடுப்புக்காவல் என்பது செய்த குற்றத்திற்கான தண்டனை அன்று. இனி ஏதேனும் செய்துவிடக்கூடும் என்று கருதி, விசாரணையின்றி அடைத்துவைப்பது. கோபாலன் அரசியலமைப்பின் 32-ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார்.

வாதங்கள்

அவருக்காக வாதாடியவர் எம்.கே.நம்பியார். அவரது முக்கிய வாதங்கள் மூன்று:

1. பிரிவு 21 கூறும் ‘சட்டம்’ இயற்கை நீதியையும் உள்ளடக்கியது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, மறுமொழி கூற வாய்ப்பளிக்க வேண்டும்.
2. காவலில் வைப்பது பிரிவு 19 தரும் நடமாடும் உரிமையையும் பறிக்கிறது.
3. காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்தில் வெளியிடுவதையே தடுப்புக்காவல் சட்டத்தின் 14-ஆவது பிரிவு தடை செய்கிறது. காரணம் தெரியாமல் நீதிமன்றம் எதை ஆராயும்?

தீர்ப்பு

1950 மே 19 அன்று ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். மூன்றாவது வாதம் வென்றது. 14-ஆவது பிரிவு செல்லாது என அனைவரும் கூறினர். ஆனால் சட்டமன்றங்கள் இயற்றுவதே ‘சட்டம்’ எனப் பெரும்பான்மையினர் கருதியதால் மனு தள்ளுபடியானது. இயற்கை நீதியும் அதில் அடங்கும் என்றார் நீதிபதி ஃபசல் அலி. 1952 பொதுத்தேர்தலில் கோபாலன் மக்களவைக்குத் தேர்வானார்.

1978-இல் மேனகா காந்தி வழக்கில் நிலை மாறியது. நடைமுறை இருந்தால் மட்டும் போதாது. அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பிரிவுகள் 14, 19, 21 ஆகியவற்றைச் சேர்த்தே படிக்க வேண்டும் என்றும் கூறியது.

வகுப்பறையில்

மாணவர்களை மனுதாரர், அரசு, நீதிபதிகள் என மூன்று குழுக்களாகப் பிரிக்கலாம். அரசுத் தரப்பின் வாதமும் வலுவாக ஒலிக்கட்டும். தடுப்புக்காவலை அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவே அனுமதிக்கிறது என்பதை அக்குழு எடுத்துரைக்கலாம். நீதிபதிகள் குழு தீர்ப்புடன் காரணத்தையும் எழுத வேண்டும். மாறுபடுபவர் ஒருவரே ஆனாலும் அவரது தீர்ப்பையும் வாசிக்கச் செய்யுங்கள். 1950-இல் சிறுபான்மையாக இருந்த கருத்துதான் 28 ஆண்டுகளுக்குப் பின் வலுப்பெற்றது என்பதை அப்போது எளிதாகப் புரியவைக்கலாம்.