டிக் லெபோ: தற்காப்பின் ஆசான்

அமெரிக்கக் காற்பந்து, பெயரில் மட்டுமே காற்பந்து. அதில் பந்தைக் காலால் உதைப்பது குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ, சக வீரருக்கு வீசியோ எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். திடலில் ஓர் அணிக்கு 11 பேர் நிற்பார்கள். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் குறைந்தது பத்துக் கெஜ தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். தவறினால் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும்.

தொழில்முறை அணிகளில் தாக்குதலுக்கு ஒரு குழுவும் தற்காப்புக்கு வேறொரு குழுவும் இருக்கும். பந்து கைமாறியதும் ஒரு குழு வெளியேற, மற்றொரு குழு திடலில் இறங்கும். தற்காப்புக் குழுவுக்கெனத் தனிப் பயிற்றுநரும் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால், யார் எங்கே நிற்க வேண்டும், யார் பாய வேண்டும், யார் பின்வாங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அவரே. ஆயினும் இரசிகர்கள் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் பந்தை வீசும் ‘குவாட்டர்பேக்’ ஆட்டக்காரரின் பெயரைத்தான். இத்தகைய பணியில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்து, ஆட்டத்தின் போக்கையே மாற்றியவர் டிக் லெபோ.

லெபோ 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள லண்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அணியில் விளையாடினார். 1959ஆம் ஆண்டு கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால், ஆட்டப் பருவம் தொடங்கும் முன்னரே அவரை விடுவித்துவிட்டது. அதே ஆண்டு டெட்ராய்ட் லயன்ஸ் அணி அவருக்கு வாய்ப்பளித்தது. அங்கு அவர் 14 பருவங்கள் நிலைத்து நின்றார். எதிரணியின் பந்தைப் பிடிக்க ஓடிவருபவரை நிழல்போல் தொடர்ந்து சென்று தடுக்கும் ‘கார்னர்பேக்’ என்பது அவருடைய இடம். எதிரணியினர் வீசிய பந்தை 62 முறை இடைமறித்துப் பிடித்தார். 171 ஆட்டங்களில் இடைவிடாமல் களமிறங்கினார். உடலோடு உடல் மோதும் இந்த விளையாட்டில் அது எளிய செயலன்று.

1972ஆம் ஆண்டோடு ஆட்டக்காரராக அவரது வாழ்க்கை முடிந்தது. மறு ஆண்டே பிலடெல்பியாவில் துணைப் பயிற்றுநராகச் சேர்ந்தார். பின்னர் கிரீன் பே அணிக்குச் சென்றார். 1980ஆம் ஆண்டு சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் இணைந்தார். அங்கேதான் அவரை வாட்டிய சிக்கலும் அதற்கான விடையும் பிறந்தன.

அந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள, பந்தை வீசுபவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பந்து கைக்கு வந்ததும் அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று விநாடிகளே. அதற்குள் தற்காப்பாளர்கள் பாய்ந்து அவரைக் கீழே சாய்த்துவிடலாம். வழக்கமாக நால்வர் பாய்வார்கள். எழுவர் பின்னால் நின்று பந்து வரும் வழிகளைக் காப்பார்கள். சில வேளைகளில் ஐவரோ அறுவரோ ஒன்றாகப் பாய்வதுண்டு. அதற்குப் ‘பிளிட்ஸ்’ என்று பெயர். பந்து வீசுபவருக்கு நெருக்கடி கூடும். ஆனால், பாய்ந்தவர்கள் விட்டுச்சென்ற இடம் வெற்றிடமாகிவிடும்.

பில் வால்ஷ் என்ற பயிற்றுநர் அந்த வெற்றிடத்தைத்தான் பயன்படுத்தினார். தூரத்திற்கு வீசுவதை விடுத்து, குறுகிய தூரத்திற்கு விரைவாகவும் துல்லியமாகவும் பந்தை வீசக் கற்றுக்கொடுத்தார். பாய்ந்து வருபவர் நெருங்குவதற்குள் பந்து கையைவிட்டுப் போய்விடும். அதுவும் அவர் காலியாக விட்டுவந்த இடத்திற்கே போகும். வால்ஷ் இந்த முறையை முதலில் உருவாக்கியது சின்சினாட்டியில் துணைப் பயிற்றுநராக இருந்தபோதுதான். பிறகு அவர் சான் பிரான்சிஸ்கோ அணியின் தலைமைப் பயிற்றுநரானார். 1982ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் சின்சினாட்டியை 26-21 எனத் தோற்கடித்தார். தன் வீட்டில் விளைந்த வித்தையாலேயே சின்சினாட்டி வீழ்ந்தது.

பாயாமல் நின்றால் பந்து வீசுபவர் நிதானமாக வீசுகிறார். பாய்ந்தால் வெற்றிடத்தில் வீசுகிறார். 1984ஆம் ஆண்டு சின்சினாட்டியின் தற்காப்புப் பயிற்றுநராக உயர்ந்த லெபோ, இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழி தேடினார். மூத்த தற்காப்புப் பயிற்றுநரான பில் ஆர்ன்ஸ்பார்கரையும் கலந்து பேசினார். ஆர்ன்ஸ்பார்கர் மயாமி அணியில் இருந்தபோது, பாயவும் பின்வாங்கவும் தெரிந்த ஓர் ஆட்டக்காரரை வைத்து எதிரணியைக் குழப்பியவர். அந்த விதையை லெபோ மரமாக வளர்த்தார். அதுவே ‘ஸோன் பிளிட்ஸ்’ எனப்படும் உத்தி.

இந்த உத்தியில், ஒரு பக்கத்திலிருந்து எதிர்பாராத இருவர் பாய்வார்கள். அதே நொடியில், மறுபக்கத்தின் முன்வரிசையில் பாய்வதற்குத் தயாராகக் குனிந்து நிற்கும் கனத்த உடல்வாகு கொண்டவர், பாயாமல் பின்னோக்கி நகர்ந்து வெற்றிடத்தில் போய் நிற்பார். அவரைத் தடுக்க வேண்டியவர் தடுக்க ஆளின்றித் திகைப்பார். மறுபக்கத்திலோ ஒருவரை நோக்கி இருவர் வருவார்கள். பந்து வீசுபவர் காலி என்று நம்பி வீசும் இடத்தில், நூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள ஒருவர் கைகளை உயர்த்தி நிற்பார். பின்னால் இருப்பவர்கள் ஆளுக்கு ஆள் துரத்தாமல், தத்தம் பகுதியைக் காத்தபடி பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாய்வோரின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. யார் பாய்வார் என்பது தெரியாததே இதன் வலிமை.

புதிய உத்தி உடனே வெற்றியைக் கொண்டு வந்துவிடவில்லை. 1989ஆம் ஆண்டு ஜனவரியில் சின்சினாட்டி மீண்டும் இறுதியாட்டத்தில் சான் பிரான்சிஸ்கோவைச் சந்தித்தது. நான்காம் கால்பகுதியில் எதிரணியின் பந்து சின்சினாட்டித் தற்காப்பாளர் ஒருவரின் கைக்கே வந்து நழுவியது. 62 முறை பந்தை இடைமறித்த லெபோவுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும்! பின்னர், சில நிமிடங்களே எஞ்சியிருந்த வேளையில், 16-13 எனச் சின்சினாட்டி முன்னிலையில் இருந்தது. ஜோ மோன்டானா தம் அணியை 92 கெஜ தூரம் நகர்த்தி, 34 விநாடிகள் இருக்கையில் வெற்றிப் புள்ளிகளைப் பெற்றுத் தந்தார். சின்சினாட்டி 20-16 எனத் தோற்றது.

1992ஆம் ஆண்டு லெபோ பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்குச் சென்றார். அங்கு அவரது உத்தி வேரூன்றியது. 1996ஆம் ஆண்டு நடந்த இறுதியாட்டத்தில் அந்த அணியும் டல்லாஸ் அணியிடம் தோற்றது. பின்னர்ச் சின்சினாட்டிக்கே திரும்பி, 2000ஆம் ஆண்டு தலைமைப் பயிற்றுநரானார். அந்தப் பொறுப்பில் அவர் கண்டது 12 வெற்றிகளும் 33 தோல்விகளும். 2002ஆம் ஆண்டு அணி 16 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றதால் அவர் பதவியை இழந்தார். சிறந்த தற்காப்புப் பயிற்றுநர் எல்லாரும் சிறந்த தலைமைப் பயிற்றுநராவதில்லை. அப்போது அவருக்கு வயது 65. ஓய்வு பெற்றிருந்தாலும் யாரும் வியந்திருக்கமாட்டார்கள். அவரோ மறு ஆண்டே பஃபலோ அணியில் துணைப் பொறுப்பை ஏற்றார். 2004ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க்கின் தற்காப்புப் பயிற்றுநராக மீண்டும் வந்தார்.

2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் சியாட்டலை 21-10 என வென்றது. மூன்று இறுதித் தோல்விகளுக்குப் பிறகு, பயிற்றுநராக லெபோ பெற்ற முதல் சூப்பர் பவுல் வெற்றி அது. 2008ஆம் ஆண்டுப் பருவத்தில் எதிரணிகளுக்கு மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணியும் பிட்ஸ்பர்க்தான். அந்தப் பருவத்தின் இறுதியாட்டம் 2009ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் தம்பா நகரில் நடந்தது. முதற்பாதி முடிய 18 விநாடிகள் இருந்தன. பிட்ஸ்பர்க் 10-7 என முன்னிலை வகித்தது. அரிசோனா அணி எல்லைக்கு ஒரு கெஜ தூரத்தில் நின்றது. ஜேம்ஸ் ஹாரிசன் பாய வேண்டும் என்பதே பயிற்றுநரின் கட்டளை. ஹாரிசனோ பாய்வதுபோல் ஓரடி எடுத்து வைத்துவிட்டுப் பின்வாங்கினார். விரைவாக வீசப்பட்ட பந்து நேராக அவர் கைக்கு வந்தது. நூறு கெஜ தூரம் ஓடி மறுமுனையில் புள்ளி பெற்றார். 14-10 என மாறவிருந்த ஆட்டம் 17-7 என மாறியது. இறுதியில் பிட்ஸ்பர்க் 27-23 என வாகை சூடியது.

ஹாரிசன் கட்டளையை மீறினார் என்று சொல்லலாம். ஆனால், பாய்வதுபோல் காட்டிப் பின்வாங்குவது அவருக்கு எப்படித் தோன்றியது என்பதற்கு விடை, லெபோ அவருக்கு ஆண்டுக்கணக்கில் அளித்த பயிற்சியில்தான் இருக்கிறது. இந்த ஹாரிசனும் முன்பு பலமுறை அணியிலிருந்து நீக்கப்பட்டவரே.

லெபோ குரலை உயர்த்தாத பயிற்றுநர் என்று பெயர் பெற்றவர். ஆட்டக்காரர்கள் அவரைத் தந்தையைப் போல மதித்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸ் வரும்போது, அவர் ஒரு நீண்ட கிறிஸ்துமஸ் கவிதையை மனப்பாடமாக அவர்களுக்குச் சொல்லிக் காட்டுவார். தடித்த உருவம் கொண்ட வீரர்கள் பள்ளிப் பிள்ளைகளைப் போல உட்கார்ந்து கேட்பார்களாம்.

இவ்வளவு சாதித்தும் ஒரு சிறப்பு மட்டும் அவருக்குத் தள்ளிக்கொண்டே போனது. ஒஹாயோவின் கேன்டன் நகரிலுள்ள தொழில்முறைக் காற்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெறவில்லை. 2007ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் அணி ஓர் ஆட்டத்திற்காகக் கேன்டனுக்குச் சென்றபோது, ஆட்டக்காரர்கள் தங்கள் சீருடையில் போகவில்லை. லெபோ டெட்ராய்ட்டில் அணிந்த 44ஆம் எண் சட்டையை அணிந்துகொண்டு போய் இறங்கினார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2010ஆம் ஆண்டு, லெபோ அந்த மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். ஆட்டக்காரராக அவர் ஓய்வு பெற்று அப்போது 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. விழாவைக் காணப் பிட்ஸ்பர்க் அணியினர் திரண்டு வந்திருந்தார்கள். விழா முடிந்ததும் அவர் பயிற்சித் திடலுக்குத் திரும்பினார். அந்தப் பருவத்திலும் பிட்ஸ்பர்க் இறுதியாட்டம் வரை முன்னேறி, கிரீன் பே அணியிடம் 31-25 எனத் தோற்றது. எதிரணியின் தற்காப்புப் பயிற்றுநரான டோம் கேப்பர்ஸ், முன்பு பிட்ஸ்பர்க்கில் லெபோவுடன் ஒன்றாகப் பணியாற்றியவர். லெபோ 2017ஆம் ஆண்டுப் பருவம் வரை, தமது எண்பதாம் வயதிலும், டென்னசி அணியின் தற்காப்பை வழிநடத்தினார்.